யாருக்காக அந்தப் பலம்? சூப்பர்மேன் மாறி வந்த வரலாறு

விழா மலர் என்றால் பழைய பேராசிரியர்களைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கும், விடுதிச் சாப்பாட்டைப் பற்றி ஒன்று இருக்கும், மரத்தடி நட்பைப் பற்றி இரண்டு கவிதையாவது இருக்கும். இருக்கத்தான் வேண்டும். அதற்கு நடுவில் நீல உடையும் சிவப்பு அங்கியும் போட்ட சூப்பர்மேனுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது நண்பர்களே! அந்த ஆசாமியை உருவாக்கியவர்கள் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு தோழர்கள். நாமெல்லாம் படிக்கும் காலத்தில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோமே, அதுபோல அவர்கள் சைக்ளோஸ்டைல் எடுத்து ஒரு பத்திரிகை நடத்தினார்கள். அதிலிருந்து வந்தவன்தான் அவன்.

படக்கதை நாயகன் வரலாற்றுக் கட்டுரைக்குரிய விஷயமா என்றும் சிலர் முகம் சுளிக்கலாம். ராஜாக்கள் வெட்டி வைத்த கல்வெட்டு, அவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதைச் சொல்லும். பத்து சென்ட் கொடுத்துப் பையன்கள் வாங்கிய படக்கதையோ, சாதாரண ஜனங்கள் எதற்குப் பயந்தார்கள், எதற்கு ஏங்கினார்கள் என்பதைச் சொல்லும். சூப்பர்மேன் 1938-ல் வெளிவந்தவன். இத்தனை வருஷத்தில் மார்பிலுள்ள முத்திரை பெரிதாக மாறவில்லை. ஆள் மட்டும் பத்து வருஷத்துக்கு ஒரு தரம் மாறிக்கொண்டே வந்திருக்கிறான். அந்த மாற்றங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் நிற்கிறது. இவ்வளவு பலம் யாருக்காக?

பள்ளித் தோழர்கள் இருவர்

ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவரும் 1914-ம் ஆண்டில் பிறந்தவர்கள். இருவருமே ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில், கிளென்வில் உயர்நிலைப் பள்ளியில் சந்தித்துக்கொண்டார்கள். சீகலுக்குக் கதை எழுதுகிற கிறுக்கு, ஷஸ்டருக்குப் படம் போடுகிற கிறுக்கு. ரெண்டு பேரும் கூச்ச சுபாவம், ரெண்டு பேரும் கண்ணாடி. காலமோ 1930-களின் பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம். வேலை இல்லாதவர்கள் ரொட்டிக்காகத் தெருவில் வரிசை கட்டி நின்ற நேரம். 1932-ல் சீகலின் தந்தை, தம்முடைய துணிக்கடையில் திருடர்கள் புகுந்த சமயத்தில் மாரடைப்பால் இறந்துபோனார்.

1933 ஜனவரியில் தங்கள் சைக்ளோஸ்டைல் பத்திரிகையில் இருவரும் ஒரு கதை வெளியிட்டார்கள். 'சூப்பர்மேன்' என்ற பெயரை அவர்கள் முதன்முதலில் பயன்படுத்தியது அதில்தான். ஆனால் அதில் வந்த சூப்பர்மேன் நல்லவன் அல்ல, வில்லன்! ரொட்டி வரிசையில் நின்ற ஒரு ஏழையை விஞ்ஞானி ஒருவர் பிடித்து வந்து மருந்து கொடுக்கிறார். அவனுக்கு அபார மனோசக்தி வருகிறது. அதை வைத்து உலகத்தையே ஆளப் பார்க்கிறான். மருந்தின் வீரியம் தீர்ந்ததும் பழையபடி ரொட்டி வரிசைக்கே வந்துவிடுகிறான். பலம் வந்தவன் கெட்டுப்போவான் என்பதே அந்தப் பையன்களின் முதல் எண்ணமாக இருந்திருக்கிறது.

பிறகு எண்ணம் மாறியது. பலம் வந்தவன் நல்லவனாக இருந்தால் எப்படியிருக்கும்? அழிந்துபோன கிரிப்டான் கிரகத்திலிருந்து வந்து சேர்ந்த குழந்தை, வளர்ந்து பெரியவனாகி, கண்ணாடி போட்ட அப்பாவிப் பத்திரிகை நிருபர் கிளார்க் கென்ட்டாக வேஷம் போடுகிறான். இந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு வருஷக்கணக்கில் பத்திரிகை பத்திரிகையாக அலைந்தார்கள். எல்லோரும் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் 1938 மார்ச்சில் நியூயார்க் பதிப்பாளர் ஒருவர் வாங்கிக்கொண்டார். 13 பக்கக் கதைக்கு 130 டாலர். கூடவே ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தோடு சூப்பர்மேன் என்ற பாத்திரத்தின் சகல உரிமையும் என்றென்றைக்கும் பதிப்பாளருக்குப் போய்விட்டது. அப்போது இருவருக்கும் வயது 23.

ஏழைக்கு ஒரு பயில்வான்

1938 ஜூன் என்று தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் அவன் வந்தான். இன்றைய பிள்ளைகள் அதைப் படித்தால் "இதுவா சூப்பர்மேன்?" என்பார்கள். அவனுக்குப் பறக்கத் தெரியாது, உயரத் தாவத்தான் தெரியும். குண்டு வெடித்தால் அவன் தோலைத் துளைத்துவிடும். வேற்றுக்கிரக அரக்கர்கள் யாரும் கிடையாது. நிரபராதிப் பெண்ணொருத்திக்கு மரண தண்டனை நிறைவேற இருக்கிறது. அதைத் தடுக்க நடுராத்திரியில் கவர்னர் வீட்டு இரும்புக் கதவைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போகிறான். மனைவியை அடிக்கிற ஒருவனைத் தூக்கிச் சுவரில் மோதுகிறான். செனட்டரைக் கையில் போட்டுக்கொண்டு நாட்டை யுத்தத்தில் இழுத்துவிடப் பார்க்கும் ஒரு தரகனை மின்கம்பிமேல் தூக்கிக்கொண்டு ஓடிக் கதிகலங்க வைக்கிறான்.

அடுத்தடுத்த இதழ்களைப் பாருங்கள். ஆயுத வியாபாரி ஒருவனை யுத்தகளத்துக்கே இழுத்துப்போய்ச் சிப்பாயாக நிற்க வைக்கிறான். பாதுகாப்புக்குப் பணம் செலவழிக்காத சுரங்க முதலாளியை, விருந்துக்கு வந்த சீமான்களோடு சேர்த்து அவருடைய சுரங்கத்திலேயே சிக்க வைக்கிறான். மூச்சுத் திணறிய பிறகுதான் முதலாளிக்குத் தொழிலாளியின் கஷ்டம் புரிகிறது! 1939-ல் வந்த 8-ம் இதழில் ஏழைகள் அடைந்து கிடந்த பாழடைந்த குடியிருப்புகளை அவனே இடித்துத் தள்ளுகிறான். போலீஸ் வந்தும் முடியவில்லை, ராணுவம் வந்தும் முடியவில்லை. வேறு வழியில்லாமல் அரசாங்கம் அங்கே நல்ல வீடுகள் கட்டிக் கொடுக்கிறது.

அதிபர் ரூஸ்வெல்ட் பொருளாதாரச் சீர்திருத்தங்களைக் கொண்டுவந்த காலம் அது. சட்டம் ஏழைக்கு எட்டாதபோது சட்டத்தை மீறியாவது நியாயம் செய்கிற ஒருவன் வரமாட்டானா என்ற ஏக்கத்துக்கு அவன் உருவம் கொடுத்தான். பலம் யாருக்காக என்ற கேள்விக்கு அன்று பதில் சுலபம். பலமில்லாதவனுக்காக!

கொடி பிடித்த காலம்

சும்மா சொல்லக்கூடாது, புத்தகம் பிய்த்துக்கொண்டு விற்றது. 1939-ல் அவன் பெயரிலேயே தனி இதழ், தினசரிகளில் தொடர். 1940-ல் வானொலி நாடகம். 1941 முதல் பிளைஷர் சகோதரர்களின் கார்ட்டூன் படங்கள். தாவித் தாவிப் போனவன் முழுசாகப் பறக்கத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். ஆனால் பெரிய பணம் வந்ததும் எச்சரிக்கையும் வந்துவிடுமே! பதிப்பகத்தார் கட்டுப்பாடு விதித்தார்கள். நாயகன் யாரையும் கொல்லக்கூடாது, முரட்டுத்தனம் கூடாது. முதலாளிகளைத் தண்டிப்பது மெல்ல மெல்ல நின்றது. வங்கிக் கொள்ளைக்காரர்களும் பைத்தியக்கார விஞ்ஞானிகளும் எதிரிகளானார்கள். 1940-ல் வந்து சேர்ந்த லெக்ஸ் லூதர் அப்படி வந்தவன்தான்.

அதே 1940-ல் 'லுக்' என்ற பத்திரிகைக்காக சீகலும் ஷஸ்டரும் இரண்டு பக்கக் கதையொன்று செய்தார்கள். ஹிட்லரையும் ஸ்டாலினையும் சூப்பர்மேன் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப்போய் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நிறுத்துகிறான். இதைப் பார்த்த ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் வாரப் பத்திரிகை, சீகலை யூதன் என்று வசைபாடிக் கட்டுரை எழுதியது. ஒரு படக்கதைக்காரனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா?

1941 டிசம்பரில் அமெரிக்காவே யுத்தத்தில் இறங்கியதும் ஒரு தர்மசங்கடம். சூப்பர்மேன் ஒரே நாளில் யுத்தத்தை முடித்துவிடலாமே, ஏன் முடிக்கவில்லை? நிஜத்தில் பையன்கள் செத்துக்கொண்டிருக்கும்போது காகிதத்தில் வெற்றி காட்டினால் அசிங்கமாக இருக்குமே! அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிளார்க் கென்ட் ராணுவத்தில் சேரப் போகிறான். கண் பரிசோதனையில் பதற்றத்தில் அவனுடைய எக்ஸ்ரே பார்வை சுவரைத் தாண்டி, அடுத்த அறையிலுள்ள எழுத்து அட்டையைப் படித்துவிடுகிறது. தேர்வில் தோல்வி! ஆக, சூப்பர்மேன் உள்நாட்டிலேயே தங்கி யுத்தப் பத்திரம் விற்க உதவினான். சீகல் 1943-ல் நிஜ ராணுவத்துக்குப் போனார்.

யுத்தம் முடிந்த பிறகும் பழைய கோபம் முழுவதும் அணைந்துவிடவில்லை. 1946-ல் வானொலி நாடகத்தில் 16 பாகங்களாக ஒரு தொடர். கறுப்பர்களையும் யூதர்களையும் வதைத்துவந்த கூ கிளக்ஸ் கிளான் கும்பலை, பெயரை மட்டும் மாற்றி, சீனக் குடும்பமொன்றைத் துன்புறுத்தும் கூட்டமாகக் காட்டி, சூப்பர்மேனை அதற்கு எதிரே நிறுத்தினார்கள். சாயங்கால வேளையில் அமெரிக்க வீடுகளில் குழந்தைகள் உட்கார்ந்து கேட்ட நாடகம் அது. 70 வருஷத்துக்கு மேல் கழித்து ஜீன் லுவென் யாங் என்ற சீன வம்சாவளி எழுத்தாளர் அதே கதையை எடுத்துப் புதுப் படக்கதையாக எழுதினார் என்றால் அதன் வேகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் போன கதை

இந்தச் சமயத்தில் சூப்பர்மேனால் காப்பாற்ற முடியாத இரண்டு பேர் இருந்தார்கள். அவனைப் படைத்தவர்கள்தான். பக்கத்துக்கு இவ்வளவு என்று அவர்களுக்கு நல்ல கூலியே வந்துகொண்டிருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கூலி வேறு, உரிமை வேறு. பொம்மையிலும் சினிமாவிலும் வானொலியிலும் கொட்டிய பணம் உரிமைக்காரருடையது. 1947-ல் வழக்குப் போட்டார்கள். சூப்பர்மேன் உரிமை திரும்பக் கிடைக்கவில்லை. 1948-ல் சுமார் 94,000 டாலருக்குச் சமரசம் ஆயிற்று. வேலை போயிற்று. கதையின் தலைப்பில் வந்துகொண்டிருந்த இருவர் பெயரும் போயிற்று.

அடுத்து வந்தது பயந்த காலம். ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், படக்கதைகள் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று 1954-ல் புத்தகம் எழுதினார். மற்றவர்கள் அடிவாங்குவதைப் பார்த்து ரசிக்க சூப்பர்மேன் கற்றுத்தருகிறான் என்றும் குற்றம்சாட்டினார். செனட் குழு விசாரித்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் அதே ஆண்டில் தங்களுக்குத் தாங்களே ஒரு விதிமுறை போட்டுக்கொண்டார்கள். போலீசார், நீதிபதிகள், அரசு அதிகாரிகள் யாருக்கும் மரியாதைக் குறைவு வரும்படி காட்டக்கூடாது என்பது அதில் ஒன்று. கவர்னர் வீட்டுக் கதவைப் பிய்த்த 1938-ம் வருஷத்து ஆளுக்கு அங்கே ஏது இடம்! 1952 முதல் 1958 வரை தொலைக்காட்சியில் ஜார்ஜ் ரீவ்ஸ் நடித்த சூப்பர்மேன், போலீசுக்கு உற்ற நண்பன். "உண்மை, நீதி, அமெரிக்க நெறி" என்ற முழக்கம் யுத்த கால வானொலியில் தொடங்கி, இந்தத் தொடரால் வீட்டுக்கு வீடு பரவியது.

படக்கதையிலோ ஆசிரியர் மோர்ட் வைசிங்கர் நாயகனை அண்டவெளிக்கு ஏற்றிவிட்டார். பறக்கும் நாய், சித்தப்பா மகள் சூப்பர்கேர்ள், பனிப் பிரதேசத்தில் ரகசியக் கோட்டை, பாட்டிலுக்குள் சுருங்கிய நகரம்! பலம் ஏற ஏற, அதைச் செலவழிக்க நியாயமான காரியம் கிடைக்காமல் போயிற்று. கிரகங்களை நகர்த்தக் கூடியவன், லோயிஸ் லேன் தன் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிடாமல் இருக்கத் தந்திரம் செய்துகொண்டிருந்தான்.

ஆனால் இந்தக் கும்மாளத்துக்கு நடுவே சில கதைகள் மனதைப் பிசையும். 1960-ல் ஒரு கதை. சூப்பர்மேன் காலம் கடந்து, அழிவதற்கு முந்திய கிரிப்டானுக்குப் போய்விடுகிறான். அங்கே அவனுக்குப் பலம் கிடையாது. பெற்றோரைப் பார்க்கிறான். காதலிக்கிறான். அழியப்போகிறது என்று தெரிந்தும் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 1961-ல் இன்னொன்று, லூதர் கையால் சூப்பர்மேன் சாவதாக ஒரு கற்பனைக் கதை. இரண்டையும் எழுதியவர் யார் தெரியுமா? ஜெர்ரி சீகல்! பிழைப்புக்காக அதே பதிப்பகத்துக்குத் திரும்பி வந்து, தான் படைத்தவனுக்கே பெயர் போடாமல் கூலிக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தார்.

"நீங்களே செய்துகொள்ளுங்கள்"

1960-களின் முடிவில் அமெரிக்காவே கொதித்தது. வியட்நாம் யுத்தம், கறுப்பர் உரிமைப் போராட்டம், மாணவர் கிளர்ச்சி. எல்லாம் வல்லவன் என்றாலே இளைஞர்களுக்குச் சந்தேகம். 1971-ல் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸும் எழுத்தாளர் டென்னி ஓநீலும் சூப்பர்மேனின் பலத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். 1972-ல் எலியட் மாகின் என்ற இளம் எழுத்தாளர் இன்னும் துணிந்து, சூப்பர்மேன் என்று ஒருவன் தேவைதானா என்றே ஒரு கதையில் கேட்டுவிட்டார். மனிதர்கள் தங்கள் கையால் வளர வேண்டியதை நீ தடுக்கிறாய் என்று பிரபஞ்சத்தின் காவலர்கள் அவனிடம் சொல்கிறார்கள். பூமிக்குத் திரும்பி வருகிறான். கலிபோர்னியாவில் பண்ணைக் கூலி வேலைக்கு வந்த மெக்சிகோக்காரர்களின் பிள்ளையொருவனை அடிக்கிறார்கள். அதைத் தடுக்கிறான். எங்கள் குறையெல்லாம் தீர்த்துவை என்று ஜனங்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். இது நீங்களே போராடித் தீர்க்க வேண்டியது என்கிறான். அப்போது பூகம்பம் வருகிறது. அது அவர்கள் சக்திக்கு மீறியது. எனவே அதில் உதவுகிறான்.

1939-ம் வருஷக் கதையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்று ஏழையின் வீட்டுக்காக அரசாங்கத்தோடு மோதியவன், இன்று ஏழையிடம் "உன் காலில் நில்" என்கிறான். இது முதிர்ச்சியா, நழுவலா? இரண்டுமே இருக்கிறது என்பது என் கட்சி. பெரியவர்கள் உட்கார்ந்து விவாதிக்க வேண்டிய கேள்வியைப் பிள்ளைகள் புத்தகத்தில் வைத்தார்களே, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

காப்பாற்றியவர்கள்

1975-ல் சூப்பர்மேன் சினிமாவுக்குப் பெருந்தொகை செலவாகப்போகிறது என்ற செய்தி வந்தது. அப்போது சீகல் லாஸ் ஏஞ்சல்ஸில் சாதாரண குமாஸ்தா. ஷஸ்டருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. மனம் வெந்த சீகல், அந்தப் படத்தைச் சபித்து நீண்ட அறிக்கையொன்று எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். வானத்திலிருந்து யாரும் பறந்து வரவில்லை. சக ஓவியர்கள் வந்தார்கள். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்றோர் முன்னின்று, கார்ட்டூனிஸ்டுகள் சங்கத்தையும் பத்திரிகைகளையும் திரட்டினார்கள். சட்டம் நிறுவனத்தின் பக்கம் இருந்தாலும் ஊர் வாய் இந்தப் பக்கம் இருந்தது. 1975 டிசம்பரில் வார்னர் நிறுவனம் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் தர ஒப்புக்கொண்டது. பணத்தைவிடப் பெரிது இன்னொன்று. 'படைத்தவர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர்' என்ற வரி திரும்ப வந்தது. 1978-ல் கிறிஸ்டோபர் ரீவ் நடித்து வந்த படத்தில் அந்தப் பெயர்கள் திரையில் தெரிந்தன.

பிறகு வந்த முகங்கள்

1986-ல் ஜான் பைர்ன் கதையை முதலிலிருந்து மறுபடி சொன்னார். அவருடைய சூப்பர்மேன் முதலில் மனிதன், பிறகுதான் கிரிப்டான்காரன். லெக்ஸ் லூதர் பைத்தியக்கார விஞ்ஞானி வேஷத்தைக் கலைத்துவிட்டுக் கோட்டு சூட்டு போட்ட கோடீஸ்வர முதலாளியாக வந்தான். முதலாளியைத் தண்டித்த 1938-ம் வருஷக் கதைகள் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தன எனலாம். அதே ஆண்டில் ஃபிராங்க் மில்லர் எழுதிய பேட்மேன் கதையில், சூப்பர்மேன் அரசாங்கம் ஏவிய வேலையைச் செய்யும் ஆளாக வந்து நின்றான்.

1992 நவம்பரில் அவனைக் கொன்றே போட்டார்கள். கடைகளில் ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அடுத்த வருஷமே எழுப்பிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்! சாகாவரம் பெற்றவன் காகிதத்தில் செத்த அதே 1992-ல்தான் ஜோ ஷஸ்டர் நிஜமாக இறந்துபோனார். சீகல் 1996 ஜனவரியில் காலமானார்.

2011-ல் ஒரு கதையில், ஈரானில் போராடிய மக்களோடு பேசாமல் நின்றதற்காக அமெரிக்கக் கைக்கூலி என்று பழிக்கப்பட்டவன், அமெரிக்கக் குடியுரிமையைத் துறப்பதாக அறிவித்துப் பெரிய சர்ச்சை கிளப்பினான். அதே ஆண்டில் கிராண்ட் மோரிசன் அவனை ஜீன்ஸ் பேன்ட்டும் பனியனும் போட்ட இளைஞனாக்கி, ஊழல் பணக்காரன் ஒருவனை மாடியிலிருந்து தொங்கவிட வைத்தார். 2013-ம் வருஷப் படத்தில் எதிரியின் கழுத்தை முறித்துக் கொன்றான், ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். 2017-ல் அனுமதிச் சீட்டில்லாமல் குடியேறிய தொழிலாளர்களைத் துப்பாக்கிக்காரனிடமிருந்து காத்தான். 2021-ல் பதிப்பகம் பழைய முழக்கத்தில் 'அமெரிக்க நெறி'யை எடுத்துவிட்டு 'மேலான நாளை' என்று போட்டது. 2025-ல் ஜேம்ஸ் கன் எடுத்த படத்தில், அரசாங்கத்தின் அனுமதி கேட்காமல் பொராவியா என்ற கற்பனை நாட்டின் படையெடுப்பைத் தடுத்தான். அந்தப் பொராவியா 1939-ல் சீகலும் ஷஸ்டரும் வைத்த பெயர்!

எது உண்மையான சூப்பர்மேன்?

ஆக, எது அசல் என்று கேட்டால் என்ன சொல்வது? பயத்தில் இருந்த சமூகம் அவனைப் போலீஸ்காரனாக்கியது. யுத்தத்தில் இருந்த சமூகம் கொடி பிடிக்க வைத்தது. தன்மேல் சந்தேகம் வந்த சமூகம் அவனைத் தயங்க வைத்தது. ஆனால் பலம் எல்லை மீறி ஏறி, காரணம் கரைந்துபோனபோதெல்லாம் எழுத்தாளர்கள் திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம், ரொட்டி வரிசையைக் கண்ணால் பார்த்த அந்த இரண்டு பையன்களின் முதல் வருஷத்துக் கதைகள்தான். 'பலமில்லாதவனுக்காக' என்று அவர்கள் எழுதிய பதிலை யாராலும் முழுசாக அழிக்க முடியவில்லை.

இன்று கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் கதை எழுதுபவர்கள் இருப்பீர்கள், படம் போடுபவர்கள், கம்ப்யூட்டரில் புதிது புதிதாக ஏதோ செய்பவர்கள் இருப்பீர்கள். முதல் ஒப்பந்தம் நீட்டப்படும்போது மனசு குதிக்கும், பேனா தானாகக் கைக்கு வரும். ஒரு நாள் பொறுத்து, முழுசாகப் படித்து, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். பிற்பாடு சிக்கல் வந்தால் கூடப் படித்தவர்களையும் சக தொழில்காரர்களையும் கூப்பிடத் தயங்காதீர்கள். முன்னாள் மாணவர் சங்கம் என்று ஒன்று இருப்பது வருஷத்துக்கு ஒரு நாள் சாப்பிட்டுப் பேசிக் கலைவதற்கு மட்டுமல்ல.

1938-ல் சீகலுக்கும் ஷஸ்டருக்கும் கொடுத்த காசோலை 412 டாலருக்கானது. வேறு வேலைக்கான கூலியோடு சேர்த்து அதில் சூப்பர்மேனுக்கு என்று 130 டாலர். இருவர் பெயரையும் அதில் எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தார்கள். 2012-ல் அந்தக் காசோலை ஏலத்துக்கு வந்தது. பணமாக்கி முடிந்துபோன அந்த வெற்றுக் காகிதம் 1,60,000 டாலருக்குப் போயிற்று.